பிரிக்காத உறை

தவறிப்போய் அடுத்த வீட்டுப் பெட்டியில் விழுந்த கடிதத்தை
ஞாயிறு காலை கொண்டுவந்து தந்தாள் மாட்யே.
கூஸ் மருத்துவமனை. நீல முத்திரை.
மகள் பீட்டர்னெல்லின் பெயர், பிறந்த தேதி;
கணக்குப் போட்டால் பதினாறு.
கிரெய்ன் அதை வாங்கி
ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.
"ஓய்வுநாளில் கடிதம் பிரிப்பதில்லை" என்றார்,
எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல்.

ஆண்டவரே,
வெள்ளிக்கிழமையே மை காய்ந்திருக்கும்.
நகப்பூச்சு காயாத விரலால் ஒரு தட்டச்சுக்காரி
எங்கள் வீட்டின் மீதி நாட்களைத் தட்டிவிட்டுச்
சாப்பிடப் போயிருப்பாள்.
அதற்கும் முன்பே, கடல் உண்டாவதற்கும் முன்பே
நீர் எழுதிவிட்டீர் என்கிறார் கிரெய்ன்.
அப்படியென்றால் நான் கேட்பது எதை?
காய்ந்த மையை ஈரமாக்கச் சொல்லியா?
முடித்தும் வைத்தீர், கேட்கவும் சொன்னீர்.
இரண்டையும் ஒரே வாயால் சொன்னால்
எங்கள் மீன் ஏலத்தில் சண்டை வரும்.

எங்கள் படகுக்குக் காப்பீடு கிடையாது.
நீர் காப்பதை ஒரு கம்பெனியிடம் ஒப்படைப்பது
அவநம்பிக்கை என்பார் கிரெய்ன்.
ஆனால் ராத்திரியில் காற்று எழுந்தால்
மேலங்கியை மாட்டிக்கொண்டு துறைக்குப் போய்
கயிற்றை இரண்டாம் முறை முடிந்துவிட்டு வருவார்.
நான் அதைச் சுட்டிக்காட்டியதில்லை,
இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட.

ஆலயத்தில் இழுத்து இழுத்துச் சங்கீதம் பாடினோம்.
பிரசங்கத்தின் மூன்றாம் பகுதி தொடங்கும்போது
வழக்கம்போல் புதினா மிட்டாய் கைமாறியது.
பீட்டர்னெல் தன்னுடையதை வாயில் போடாமல்
கையுறைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.
என் ஜெபம் முழுக்க அந்த மிட்டாய்க்குள் சுருங்கிவிட்டது.
அவள் அதைத் தின்னட்டும்,
அவ்வளவுதான் கேட்டேன்.
தின்றாள்.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மதியம் அணைக்கரையில் நடந்தேன்.
வற்றிய நீரில் கருஞ்சிப்பிகள் இறுக மூடிக் கிடந்தன.
ஏற்றம் வரும். சிப்பி திறப்பதால் அது வருவதில்லை;
வரும்போது திறக்காத சிப்பி பட்டினி கிடக்கும்.
நல்ல உவமைதான்.
போதகரிடம் சொன்னால் அடுத்த வாரமே மேடையேறும்.
ஆனால் சிப்பிக்கு மகள் இல்லை.

இரவு தூக்கம் பிடிக்காமல் இறங்கி வந்தேன்.
விளக்குப் போடாத சமையலறையில்
காலுறையோடு நின்றுகொண்டிருந்தார் கிரெய்ன்.
உள்ளங்கை உறையின் மேல்,
காய்ச்சலடிக்கும் நெற்றியைத் தொடுவதுபோல்.
சாப்பாட்டு மேசையில் நன்றி சொல்லும்
அந்தத் திடமான குரல் இல்லை.
"வேண்டாம்" என்று ஒருமுறை கேட்டது.
வெகுநேரம் கழித்து
இன்னொரு "வேண்டாம்".

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்,
குறுக்கே போகக் கூடாது என்று.
எல்லாம் முடிவான வீட்டில்
எதற்குக் குறுக்கே போவது என்று
நீர் சிரித்திருக்கலாம்.
சிரித்தீரா?

கோபுரத்தில் பன்னிரண்டு அடித்தது.
கடைசி மணியின் அதிர்வு ஓயும்வரை காத்திருந்து,
திரும்பிப் பார்க்காமலே கேட்டார்,
நான் அங்கே இருப்பது
முதலிலிருந்தே தெரிந்தவர்போல்:

"நேல்ட்யே, சிப்பிக் கத்தியை எங்கே வைத்தாய்?"