ரோசன்கோல்

இந்தச் செல்கள் நாக்கிலிருந்து வந்தவை அல்ல.
சிறுநீரகத்தின் வம்சம்.
கசப்பறியும் மரபணு ஒன்றை உள்ளே நுழைத்து
நாக்காக நடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு சொட்டு விட்டேன்.
நான்கு விநாடி ஒன்றுமில்லை.
பிறகு கிண்ணத்தின் அடியில்
பச்சை, பச்சை, பச்சை.
உள்ளறைகளில் பூட்டிவைத்த கால்சியம்
சிந்திவிட்டதன் வெளிச்சம்.

அசல் நாக்கில் கதை இன்னும் நீளும்.
சோடியம் பாயும்,
செல்லின் சுவரில் ஒரு சந்து திறக்கும்,
ஏடிபி வெளியே வந்து
காத்திருக்கும் நரம்பின் காதில்
ஒரே ஒரு சொல் சொல்லும்:
துப்பு.

அடுத்த கிண்ணம் இருட்டு.
அதே சொட்டு, அதே செல்.
மரபணுவும் ஏறக்குறைய அதே;
முந்நூறு சொச்சம் அமினோ அமிலங்களில்
மூன்று மட்டும் வேறு.
கசப்பு வந்து தட்டுகிறது,
வீட்டில் ஆளில்லை.

"இப்படிப்பட்ட நாக்கு எத்தனை பேருக்கு இருக்கும்?"
வீப்கெ கேட்டாள்.
ஒருவரைத் தெரியும் என்றேன்.
போன மாதம் விளையாட்டாகக்
குழாயில் உமிழ்ந்து கொடுத்த நாயகத்துக்கு
இரண்டு பிரதியும் இதுதான்.

ஹோம்பர்கில் பதினோரு குளிர்காலம்.
சனிக்கிழமைச் சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் ரோசன்கோல்,
கோலிக்குண்டு அளவு முட்டைக்கோஸ்.
கடுகு தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு
என்ன செய்தாலும்
என் வாயில் அது வேப்பங்காய்.
அவர் தட்டை வழித்துவிட்டு
"நல்லாயிருக்கு" என்பார்.

அதை என் கணக்கில்
என்னென்னவோ பெயரில் எழுதிவைத்திருந்தேன்.
பொறுமை. பெருந்தன்மை.
ஒருமுறை, சண்டைக்கு மறுநாள்,
காதல் என்றுகூட.

மூன்று அமினோ அமிலம்.

வீடு திரும்பும் பேருந்துக்கு முன்னால்
பனிச்சாலையில் உப்புத் தூவிக்கொண்டே
ஒரு லாரி போனது.

உப்பு யார் வீட்டிலும் தட்டிக் காத்திருப்பதில்லை.
திறந்திருக்கும் குழாய் வழியே சோடியம்
நேராகச் செல்லுக்குள் நடந்து போய்விடும்.
அதற்குத் தப்பிய நாக்கு
நான் படித்தவரை இல்லை.

இன்று ரசத்தில்
நான்கு கரண்டி கூடப் போட்டேன்.
ஒப்பீட்டுச் சோதனை இல்லாமல்
எந்த முடிவும் செல்லாது.

முதல் வாய்.
நாயகம் என்னைப் பார்த்தார்.
சட்டியைப் பார்த்தார்.
எழுந்துபோய்க் குழாயைத் திறந்து
குனிந்து, கையில் ஏந்திக் குடித்தார்.
திரும்ப வந்து உட்கார்ந்து
"நல்லா" என்று தொடங்கியவர்
கொஞ்சம் யோசித்து,

"நேத்து வெச்ச ரோசன்கோல்
மிச்சம் இருக்கா?" என்றார்.