இரண்டாவது ஃபியூஸ்

பள்ளத்தூரில் மாப்பிள்ளை அழைப்பு.
இரண்டாங்கட்டு ஓரத்தில் எங்களுக்கு இடம்.
ஆத்தங்குடிக் கல் மேல் ஆம்ப்ளிஃபயர்,
இருபத்தாறு கிலோ,
முதுகுக்குள் நான்கு பெரிய வால்வு, மூன்று சின்னது.
ஏழரைக்கு நின்றது.
வெடிக்கவெல்லாம் இல்லை. ஒரு ஸ்வரத்தின் பாதியில்
யாரோ கதவைச் சாத்தினாற்போல.

கீபோர்டு அடைக்கலம் வாசித்துக்கொண்டே
புருவத்தால் கேட்டான்: என்ன?
உதட்டால் சொன்னேன்: ஃபியூஸ்.

பெருங்காய டப்பாவில் இரண்டு இருந்தன.
(ஆறு வருடமாக என் ஃபியூஸ்களுக்குச்
சமையலறை வாசம்.)
தொப்பியில் 'டி' பொறித்தவை.
ஆன் செய்யும் கணத்தின் முரட்டுத்தனத்தைக்
கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிற ரகம்.

செத்ததை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
கம்பி மட்டும் விட்டிருந்தால்
வயசு என்று விட்டுவிடலாம்.
இது உள்ளெல்லாம் கறுத்து
ரசம் பூசிய கண்ணாடியாகி
என் கண்ணை எனக்கே காட்டியது.
தெரிந்தும் புதியதைப் போட்டேன்.
ஒருதரம் நம்பிப் பார்ப்பதில்
ஆறு ரூபாய்தானே நஷ்டம்.

ஸ்விட்சிலிருந்து விரல் எடுக்குமுன்
அதுவும் போனது.

அடைக்கலம் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை நீட்டினான்:
'சுத்திப் போடு புஷ்பம், ஓடிரும்.'
பெண்ணின் அம்மான் சாத்தப்பன் வேறு:
'எங்க மெயின்ல கம்பிதான் ஆத்தா கட்டியிருக்கு,
அறுபது வருசமா ஒண்ணும் ஆகலை.'

ஓடும்தான்.
கோட்டையூரில் ஓடியது, போன தையில்,
நாலு பாட்டு.
ஐந்தாவதில் வெல்லப்பாகு தீயும் வாடை.
டிரான்ஸ்ஃபார்மரை மதுரையில் மறுபடி சுற்ற
எண்ணாயிரத்து நானூறு.
அன்றைக்கும் இதே தாள், இதே அடைக்கலம்.
சுற்றிப் போட்டது மட்டும் நான்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
பிடுங்கினாலும் உள்ளே நானூறு வோல்ட்
வட்டிக்கு வந்தவன்போல் நகராமல் உட்கார்ந்திருக்கும்.
இடக்கையைச் சுடிதார் பைக்குள் போட்டுக்கொண்டு
வலக்கையால் ரெசிஸ்டரை வைத்து
முப்பது எண்ணினேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது.
இன்னொரு முப்பது எண்ணினேன்.

நான்கு பெரிய வால்வையும் கழற்றி
கடைசி ஃபியூஸைப் போட்டு
அதற்குக் காவலாய் என் பல்ப் பலகையை
இடையில் கொடுத்தேன். நூறு வாட், மஞ்சள்.
இப்போது எந்தக் கடையில் இருக்கிறது?
கல்லல் பக்கம் கோழிப்பண்ணையில்
குஞ்சுகளுக்குச் சூடு காட்டியது, கெஞ்சி வாங்கியது.

ஆன். பல்ப் ஒருதரம் விழித்து, மங்கியது.
அணைத்து, காத்திருந்து, ஒரு வால்வு. மங்கல்.
அணைத்து, காத்திருந்து, இன்னொன்று. மங்கல்.
உள்ளே கந்தரப்பம் சுடுகிறார்கள்.
யாரோ மைக்கில் 'ஹலோ, ஹலோ' என்கிறான்.
மூன்றாவது.
இருபது நொடி சாதுவாக இருந்துவிட்டு
பல்ப் பட்டப்பகலாய் எரிந்தது.

சாத்தப்பன் கைதட்டினார்,
சரியாகிவிட்டது என்று.

மூன்றாவதை எடுத்துத் துணியில் சுற்றினேன்.
நான்காவதை ஏற்றவே இல்லை.
பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போதும்.
எட்டு ஓம் ஸ்பீக்கருக்குக் குமிழை
நாலில் திருப்பிவைத்தேன்.
பாதிப் பலம். டப்பா காலி.
அதன்பின் ஒன்பது பாட்டும்
தந்தியைப் பார்க்காமல்
ஃபியூஸ் மூடியைப் பார்த்தே வாசித்தேன்.
இரண்டு இடத்தில் சுருதி தப்பியது,
அடைக்கலம் மட்டும் திரும்பிப் பார்த்தான்.

முடிந்ததும் ஓர் ஆச்சி வந்து
என் கையைப் பிடித்துக்கொண்டார்:
'மொதல்ல காது அடைச்சிருச்சு தாயி.
பொறவுதான் பாட்டுல என்ன சொல்றாகன்னே கேட்டுச்சு.'

வெள்ளித்தாளை அடைக்கலம்
கப்பலாக மடித்து
என் பெட்டி மேல் வைத்திருந்தான்.
எடுத்துப் போடவில்லை.

பந்தியில் ரசம் ஊற்றினார்கள்.
எனக்கு ஃபியூஸ் வாசம் அடித்தது.