பதினேழாம் பெட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில், பிஸ்கட் கம்பெனிக்குப் பின்னால்
எங்கள் கூடம்.
பத்து மணிக்கு வெண்ணெய் வாசனை ஏறும்.
அதற்குள் ஒரு லாரி
பாலைவனத்தை இறக்கிவிட்டுப் போயிருந்தது:
மரப்பெட்டி நாற்பத்திரண்டு,
ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் கல்.

கிணற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டரில் தொடங்கி
கீழே, கீழே.
தொட்டால் விரலில் ஒட்டும் மணல்
திருவான்மியூர் மணலைவிட நைஸ்.
இதுவும் கடற்கரைதான்,
பதினாறு கோடி ஆண்டுக்கு முந்தைய
ஏதோ ஒரு மாலை.
அலை விட்டுப்போன வரி அப்படியே இருக்கிறது,
ஒரு புழு வளைந்து வளைந்து தோண்டிய வழியும்.
நெய்தல் எந்த நாளில் பாலையானது என்று
தேதி போட எனக்குச் சம்பளம்.

வண்டலா களிமண்ணா,
கொஞ்சம் கடித்துப் பார்ப்பேன்.
பல் சொல்லும்.
கருவி பிறகு ஒப்புக்கொள்ளும்.

எண்ணெய்க்கு வேண்டியது அதிகமில்லை.
அழுகிய பாசி, அதன்மேல் பாரம், போதுமான சூடு,
ஊறிப்போக நுண்துளைக் கல்,
மேலே இறுக்கமான மூடி,
கவிழ்த்த உருளிபோல் ஒரு மடிப்பு.
எல்லாம் இருந்தது இங்கே.
நில அதிர்வுக் கோடுகள் திரையில் வளைந்ததைப் பார்த்து
டெல்லியில் பெரிய ஆட்கள் கைதட்டினார்கள்.
நானும்தான் தட்டினேன்.

பதினேழாம் பெட்டியை இருட்டறைக்குள் தூக்கிப்போய்
புற ஊதா விளக்கைப் போட்டேன்.
பூத்தது.
இடுக்கெல்லாம் மங்கல் மஞ்சள்,
ஆவாரம்பூவைக் கசக்கிப் பூசியதுபோல.
ஒரு நொடி நெஞ்சு எகிறியது, மறைக்கமாட்டேன்.
பிறகு ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டேன்.
எதுவும் கசியவில்லை.

வந்திருக்கிறது.
இதே துளைகளில் குடியிருந்திருக்கிறது.
மூடி விரிசல்விட்ட ஏதோ ஒரு யுகத்தில்
சொல்லாமல் கிளம்பியிருக்கிறது.
காலி செய்த வீட்டுச் சுவரில்
தலை சாய்த்த இடத்து எண்ணெய்க் கறை,
அவ்வளவுதான் மிச்சம்.

பெருக்க வந்த தேசம்மா கதவருகே நின்றாள்.
"இன்னாக்கா, லைட்டு போடாம?"
உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.
காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ.
மஞ்சளை அவள் பார்க்கவேயில்லை,
மூக்குதான் முந்திக்கொண்டது.
எண்ணூர்க்காரி.
"இந்த நாத்தம் தெரியும்க்கா.
கப்பல் ரெண்டு மோதிக்கினு எண்ணெ கொட்டுச்சே,
வாளி வாளியா அள்ளுனோம்.
ஆமை ஒண்ணு. கண்ணத் தொறக்க முடியல அதால."
அதோடு நிறுத்தினாள்.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு
அடுத்த அறைக்குப் போனாள்.
இருட்டறையை அன்று பெருக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் ரிக்கிலிருந்து கேம்சிங்.
போன் முழுக்கக் காற்று.
"மேடம், உண்டா இல்லையா?
மெஷினை நகர்த்தணும்."
இருந்தது, என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில்.
"இருந்ததுக்கு யாரும் காசு தரமாட்டாங்க" என்று சிரித்தார்.
இன்றைக்கும் தண்ணீர் லாரி வரவில்லையாம், முகாமுக்கு.
எங்கள் தெருவுக்கும்தான்.
போன மே மாதம் அபார்ட்மென்ட்டில்
எண்ணூறு அடி போர் இறக்கினோம்,
வீடெல்லாம் மாவுப்புகை.
அன்று மொட்டைமாடியில் நின்று
எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்,
நிலத்தடி படித்தவள் என்று.

அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
வாய்ப்பு: நூற்றுக்குப் பதினொன்று.
பத்து என்று போட்டால் கிணற்றை மூடிவிடுவார்கள்.
பன்னிரண்டுக்கு என் கை வரவில்லை.
அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று
யாராவது கேட்டால்
ஆவாரம்பூ என்று சொல்ல முடியாது.

பட்டரவாக்கம் நடைமேடையில்
செருப்புக்குள் ஏதோ உறுத்தியது.
கழற்றி உதறினேன்.
ஒரு சிட்டிகைகூட இருக்காது அந்தக் கடற்கரை.
ஏழு நாற்பது லோக்கல் வந்தது.
மிதித்துக்கொண்டு எல்லோரும் ஏறினோம்.