மூன்றாம் நம்பர் கட்டில்

சிலிம் ரிவரில் எங்கள் தாமானில்
யாராவது படுக்கையில் விழுந்தால்
என் வீட்டு கேட்டைத்தான் வந்து ஆட்டுவார்கள்.
நீல அட்டை நோட்டு என்னிடம் இருக்கிறது.
யாருக்கு, எந்தத் தேதி, எந்தக் கட்டில்,
திரும்பி வந்ததா.
ஏன் திரும்பி வந்தது என்பதற்கு
நான் கட்டம் போடவில்லை.

மொத்தம் நான்கு கட்டில்கள்.
ஆஸ்பத்திரி கழித்துப் போட்டவை.
கோயில் கொட்டகையில் வைத்துத் துருவைச் சுரண்டி
என் வீட்டுக்காரர் ஞானசேகர் சாயம் அடித்தார்.
பாதிச் சாயம் சட்டைக்குப் போயிற்று.
ஞாயிறானால் இரவல் லோரி,
ஏற்றுவார், இறக்குவார், பூட்டிக் கொடுப்பார்.
சாப்பிட்டுப் போங்கண்ணே என்றால்
தண்ணி போதும் என்பார்,
வீட்டுக்கு வந்து சட்டியை வழித்துத் தின்பார்.

செம்பனை ஆலையில் ஒரு புதன்கிழமை
குலைவண்டி தடம் புரண்டது.
இடுப்பெலும்பு. இரண்டு இடத்தில்.

அவர் பெயரை நோட்டில் நானே எழுதினேன்.
கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான்.
நடுங்கவில்லை.
பாதியில் பேனா மை தீர்ந்தது,
மீதியைப் பென்சிலில் முடித்தேன்.

தூக்க ஆள்?
பெரியாண்டியின் மகன்கள் இருவரும்
கேட்காமலே வந்து நின்றார்கள்.
அப்பாவுக்காக எட்டு மாதம் பழகிய கட்டில்.
"இந்த போல்ட்டு மட்டும் இடப்பக்கம் சுத்தணும்க்கா"
என்று எனக்கே சொல்லிக் கொடுத்தான் சின்னவன்.
அறைக்குள் நுழையவில்லை.
டிவிக்கும் சாமி மேடைக்கும் நடுவில் போட்டோம்.

சொக்சோ பணம் வர மூன்று மாதம்.
அதுவரை காலை நான்கு மணிக்கு நாசி லெமாக்,
நாற்பது பொட்டலம்,
பள்ளி பஸ் நிற்கும் இடத்தில்.
மிஞ்சினால் எங்களுக்கு இரவுச் சாப்பாடு.
மிஞ்சாத நாளில் மெகி.

கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும்.
ஒரு தடவைக்கு இருபது காசு என்று
துர்காஷினி விலை பேசினாள்.
அப்பா கடன் சொன்னார்.
அவளும் ஒரு நோட்டுப் போட்டாள்.
பதினோரு வெள்ளி நாற்பது காசு வரை
எனக்குத் தெரியும்.

கம்பியைத் துடைக்கும்போது பார்த்தேன்,
வலக்கை தொங்கும் இடத்தில்
நகத்தால் கீறிய இருபத்தாறு கோடுகள்.
சரோஜினி டீச்சராக இருக்கலாம்.
ஆ சோங்கின் அம்மா ஒட்டிய தங்கமீன்.
யாரோ எழுதிய நான்கு நம்பர்.
நாங்களும் எடுத்துப் பார்த்தோம்,
விழவில்லை.

ஒருநாள் நடுச்சாமத்தில் அவர் கூப்பிட்டார்.
வலியென்று எழுந்து ஓடினேன்.
"திரும்பிப் படுத்தா கிரீச்சுங்குது, கேக்குதா?"
கேட்கிறது, முதல் நாளிலிருந்தே.
"ஆறு வருஷம் குடுத்திருக்கோம்.
ஒருத்தராவது சொன்னாங்களா?"
இருட்டில் இரண்டு பேரும் அதையே
யோசித்துக்கொண்டு கிடந்தோம்.
சும்மா வாங்கின பொருளில்
யார் குறை சொல்வார்கள்?

விடிந்ததும் தையல் மிஷின் எண்ணெய் கேட்டார்.
படுத்த வாக்கில் கை எட்டிய வரை அவர்,
எட்டாத இடத்துக்கு அவள்.
அதற்கு மட்டும் காசு கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் கேட் ஆடியது.
காக் ரொஹானி. கணவருக்குப் பக்கவாதம்.
கேட்கத் தயங்கி முதலில்
எங்கள் செம்பருத்தியைப் பற்றிப் பேசினார்.

லோரி வந்தது.
இவர் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைத்தடி,
"இடப்பக்கம், இடப்பக்கம்" என்று
பையன்களை விரட்டிக்கொண்டிருந்தார்.
தலைமாட்டில் எண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கட்டிவிட்டு
காக்கிடம் மலாயில் சொன்னார்,
சத்தம் வந்தால் எங்களைத் திட்டவேண்டும் என்று.
அவர் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தேன்.
புதுக் கட்டம்: குறை.

ஹாலில் நான்கு துரு வட்டங்கள்.
தேய்த்ததில் மூன்று போய்விட்டன.
போகாத ஒன்றின் மேல்
அரிசி வாளியை நகர்த்தி வைத்திருக்கிறேன்.