பெடல்

படிவத்தில் பெயர் பூங்காவனம், வயது நாற்பத்திமூன்று,
தொழில் என்ற இடத்தில் ஷூ கம்பெனி என்று எழுதிவிட்டு
ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஆற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடி.
மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.
துணைக்கு வந்த தேசம்மா
கன்னத்தில் முந்தானையை அழுத்திக்கொண்டு
தனக்கு ஒன்றுமில்லை என்றாள், நான் கேட்காமலே.

மூன்று வருடத்துக்கு முன் வேறொருவர், பெயர் வேண்டாம்,
பொறுத்துக்கோம்மா பொறுத்துக்கோம்மா என்றபடியே
குடைந்துகொண்டு போனார்.
கையைத் தூக்கினேன். நர்ஸ் பிடித்து இறக்கினாள்.
அப்புறம் கிராம்புதான். உப்புத் தண்ணீர்தான்.
வலது பக்கமே மென்று இத்தனை நாள்.

இங்கே நாற்காலியின் கைப்பிடியில் ரெக்ஸின் கிழிந்து
யாரோ தைத்திருந்தார்கள். கோணல் தையல்.
அங்குலத்துக்கு ஐந்துகூட இருக்காது,
நாங்கள் ஒன்பது போடுவோம்.
அதைச் சொல்ல வாய் திறந்தேன்,
டாக்டர் ஜுலைகா டார்ச் அடித்துவிட்டார்.

என் கையில் கண்ணாடி கொடுத்து
என் பல்லை எனக்கே காட்டினார்.
இத்தனை வருடம் கூடவே இருந்தும்
அந்த மூலையை நான் பார்த்ததில்லை.
மூணு தடவை வரணும், மொத்தம் இவ்வளவு,
சீட்டின் பின்னால் எழுதினார், இன்னைக்கு ஐநூறு போதும்.
பிடுங்கிடலாமே என்றேன்.
இருந்துட்டுப் போகட்டுமே என்றார்.
வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுவேன்.

எல்லோரும் சொல்வதுதான்.

பத்தொன்பது வருடமாகத் தோலில் ஊசி இறக்குகிறேன்.
கை செய்வதாகத்தான் தோன்றும்,
ஓட்டுவதும் நிறுத்துவதும் கால்.
மேலே விளக்கு கண் கூசியது.
ஓரக்கண்ணால் கீழே பார்த்தேன்:
அவருடைய செருப்பு, அதன் அடியில் பெடல்,
எங்களுடையதைவிடச் சின்னது.

ஊசி போட்டார். மரத்தது. இயந்திரம் கீச்சிட்டது.
வலிக்கவில்லை.
தூக்கினேன்.

செருப்பு முனை சட்டென்று எழுந்தது.
சத்தம் நின்றது. வலிக்குதா?
இல்லை என்று தலையாட்டினேன்.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
சரி, ஆரம்பிக்கட்டுமா என்றார்.
ஆரம்பிக்கட்டுமா. எங்கள் லைனில்
இந்த வார்த்தையை யாரும் கேள்வியாகச் சொன்னதில்லை.
அதன்பின் நான் செருப்பைப் பார்க்கவில்லை.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது.
பாதி உதடு இன்னும் யாருடையதோ மாதிரி.
வலிச்சுதா என்றாள் தேசம்மா.
நிழுத்துனாங்க என்றேன்.
என்னது?
நிறுத்துனாங்கடி.
புரிந்ததோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
ராணிப்பேட்டை வரும்போது, கன்னத்திலிருந்து கையை எடுக்காமல்,
வியாழக்கிழமை எத்தினி மணிக்கு என்று கேட்டாள்.