நடுவில் நிற்கும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு

பணம் வந்துவிட்டது என்கிறது கைபேசி.
என்னிடம் அல்ல.
அந்தியூரில் கிளம்பி
அனுப்பர்பாளையம் வரும் வழியில்
எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.
அனுப்பியவளாலும் தொட முடியாது, என்னாலும் முடியாது.
மெஷின் போய்ச் சேர்ந்து, ஓட்டிப் பார்த்து
'பொருள் சரி' என்ற பட்டனை அவள் அமுக்க வேண்டும்.
மூன்று நாள் கெடு.

இந்த ஏற்பாட்டைக் கேட்டது நான்தான்.
போன ஆடியில் பழைய ஃபிரிட்ஜை விற்கப்போய்
பட்டாளத்தில் இருக்கிறேன் என்றவனிடம்
நாலாயிரத்து இருநூறு விட்டவள்.
கட்டம் கட்டமாய் ஒரு படம் அனுப்பினான்,
ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்றான்.
வாங்கிக்கொள்கிறவள் எதற்கு ரகசிய எண் போடுவது என்று
என் விரல் ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை.
நாலு எண்.
டிங்.
ஃபிரிட்ஜ் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது,
உள்ளே நூல்கோன் அடுக்கியிருக்கிறேன்.

"நேர்ல வர லீவு இல்லீங்க்கா,
பாதிப் பணம் முன்னாடியே போட்டுடட்டுங்களா?"
என்றாள் கோகிலவாணி.
வேண்டாங், நடுவுல போடுங்க என்றேன்.
"எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"
உங்களை நம்பாம இல்லீங், போனைத்தான் நம்பறதில்லீங்.
சிரித்தாள்.
பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அழுதது.

ஓவர்லாக்கைச் சாக்கில் சுற்றி
லாரி ஆபீசில் ஏற்றினேன்.
ஒன்பது வருடம் அதில் ஜாப்வொர்க்.
தூக்கியபோது அடியிலிருந்து
ஒரு குத்துப் பிசிறு உதிர்ந்தது,
எந்தக் கம்பெனியின் எந்த நிறமோ.

வெள்ளிக்கிழமை குழுவுக்குத் தவணை.
முதல்நாள் பெட்டியை ஏழுதரம் பார்த்தேன்.
நின்றது நின்றபடி.

இரண்டாம்நாள் ராத்திரி ஒரு படம் வந்தது.
"அக்கா, கீழ் லூப்பர் முனையில சிலும்பு இருக்குதுங்.
பனியன் துணியில தையல் தாண்டுது.
முன்னாடியே இருந்ததுங்களா?"

பதினோரு படம் எடுத்துப் போட்டிருந்தேன்.
முன்பக்கம், மோட்டார், பெல்ட், டேபிள்,
கதவைத் திறந்து வைத்து ஒன்று.
அந்த ஒன்றில்
வெளிச்சம் லூப்பர்மேல் விழாதபடி
ஜன்னலைச் சாத்தியது ஞாபகம் வந்தது.
அந்தியூர்க்காரர்கள் குதிரைக்குச் சுழி பார்ப்பவர்கள்.
விற்கிறவன் சுழி இருக்கும் பக்கத்தைச்
சுவரோடு ஒட்டி நிறுத்துவானாம்.

'பார்சல்ல அடிபட்டிருக்குங்' என்று அடித்தேன்.
நம்பும்படியாகத்தான் இருந்தது.
ஊர் ரோடு அப்படி.
அனுப்பாமல்
அடுப்பில் பால் பொங்குகிறதா என்று போய்ப் பார்த்தேன்.
அடுப்பே பற்ற வைக்கவில்லை.

பட்டாளத்தானைத் தடுக்கத்தான்
அந்தப் பெட்டி என்று நினைத்திருந்தேன்.
இவ்வளவு நாளும் அது என்னையும்
பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
அவளுக்காக.

அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
இருந்ததுங்க. சொல்லாம விட்டுட்டேன்.
புது லூப்பர் அறுநூத்தம்பது,
கழிச்சுக்குங்க.

அவள் எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.
திட்டுவதற்குச் சொல் தேடுகிறாள் என்று
உட்கார்ந்திருந்தேன்.

"இங்க எழுநூறுங்க்கா."

சரிங், எழுநூறே கழிச்சுக்குங்.

வெள்ளிக்கிழமை, குழு கூடுவதற்குப்
பத்து நிமிடம் இருக்கும்போது
பதினேழாயிரத்து எண்ணூறு
பெட்டியிலிருந்து இறங்கி வந்தது.
அதே டிங்.
என்னிடம் எந்த எண்ணும் கேட்கவில்லை.