மணலும் உப்பும் நீங்கலாக

மதுரை ஏர்போர்ட் போய்வர டாக்சிக்கு
ஆறாயிரம் என்றார்கள்.
டோல் தனி, டிரைவர் பேட்டா தனி,
விமானம் தாமதமானால் மணிக்கு நூற்றைம்பது தனி.
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
‘தனி’ என்ற சொல் எந்த மூலையில்
பதுங்கியிருக்கும் என்று தெரியும்.

அதனால் முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து
பாரதி நகரில் நாமே ஓட்டிக்கொள்ளும் வண்டி.
நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு.
முந்நூறு கிலோமீட்டர் தாண்டினால்
கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய்.

முன்பணம் ஐயாயிரத்தை எண்ணி வைத்த பிறகு
நயினா முகமது இன்னொரு தாளை நகர்த்தினான்.
“நானூத்தம்பது சேத்துக் கட்டிருங்கக்கா.
என்ன ஆனாலும் நிம்மதி.”

நிம்மதியைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் பொடி எழுத்து.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன்:
கண்ணாடி நீங்கலாக.
டயர், அடிப்பாகம் நீங்கலாக.
கடல்நீர், மணல், உப்புக்காற்றால் நேரும்
சேதம் நீங்கலாக.

“தம்பி, இந்த ஜில்லாவுல
மணலையும் உப்பையும் நீக்கிட்டா
மிச்சம் என்ன இருக்கு?”
யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.
“கருவேலங்காடு இருக்குக்கா.”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
வண்டியைச் சுற்றிவந்து வீடியோ எடுத்தேன்.
பதினேழு கீறல், ஒரு நெளிவு,
பின்கதவில் யாரோ சாவியால் எழுதப் பார்த்து
பாதியில் விட்ட ‘ம’.
ஒவ்வொன்றுக்கும் அவன் வாயால்
“பழசு” என்று சொல்ல வைத்தேன்.

இன்னாசி வெளியே வந்தான்.
நான்கு வருடக் குவைத்துக்கு ஒரே ஒரு பை.
கயிறு கட்டிய அட்டைப்பெட்டி இல்லை, கம்பளி இல்லை.
திறந்த டிக்கியை மூடினேன்.
போகலூர் டோல் தாண்டியும்
பை அவன் மடியிலேயே இருந்தது.

பாம்பன் பாலத்தில் காற்று
வண்டியைத் தோளால் இடித்தது.
தங்கச்சிமடம் வந்ததும்
வீட்டுத் திருப்பத்துக்கு இண்டிகேட்டர் போட்டேன்.
“அரிச்சல்முனை வரைக்கும் போவமாக்கா?”
மதுரையிலிருந்து அவன் பேசிய
முதல் முழு வாக்கியம்.

ஓடியிருந்தது இருநூற்று எழுபத்தாறு.
மனசு கேட்காமலே கூட்டியது:
போக வர அறுபது, ஒன்பதால் பெருக்கினால்
ஐந்நூற்று நாற்பது.
காலையில் மிச்சம் பிடித்த நானூற்றைம்பதும் போய்
மேலே தொண்ணூறு.
இண்டிகேட்டர் டிக் டிக் என்றது.
அணைத்துவிட்டு நேரே ஓட்டினேன்.

முனைக்குப் போகும் சாலையில்
மணல் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது,
முறத்தில் அரிசி புடைக்கிற சத்தத்தோடு
கதவில் மோதியது.
அவன் இறங்கிப் போய்
முழங்கால் வரைக்கும் நின்றான்.
நான் வண்டியிலேயே இருந்தேன்.
பெரிய அலை ஒன்று வந்தபோது
இடுப்பு வரைக்கும் நின்றான்.
கதவைத் திறந்தேன்.
அலை போனது. திரும்பினான்.

ஈர பேண்ட்டோடு சீட்டில் உட்கார்ந்தான்.
கடல்நீர் நீங்கலாக.
என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை.
அந்த நாளில் கட்டணம் இல்லாதது
அது ஒன்றுதான்.
ராமேஸ்வரம் நெருங்கும்போது
“சம்பளம் ஏழு மாசமா வரலக்கா” என்றான்,
முன்கண்ணாடியைப் பார்த்தபடி.
“சரி” என்றேன்.
“பசிக்குதா?” என்றேன்.

ராத்திரி குடம் பத்து ரூபாய்த் தண்ணீரில்
இருவரும் வண்டியைக் கழுவினோம்.
பம்பரில் ஒரு கீறலைத் தடவி
“இது நம்மளாலயா?” என்று பதறினான்.
வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.
நயினாவின் குரல் சொன்னது: “பழசு.”
இன்னாசி அதை
மறுபடி ஒருதரம் போடச் சொன்னான்.

காலையில் நயினா கீறல்களை எண்ணினான்.
பதினேழு. ‘ம’ அப்படியே இருந்தது.
கூடுதல் கிலோமீட்டருக்கு எழுநூற்று இருபத்தொன்பது;
இருபத்தொன்பதை விட்டுவிட்டான்.
பிறகு கால்மிதியை வெளியே எடுத்து உதறினான்.
ஒரு கைப்பிடி மணல்.
“கடல்ல இறக்குனீங்களாக்கா வண்டிய?”

“இல்ல தம்பி.
கடல்தான் ஏறுச்சு.
வீட்டுல இறக்கி விட்டுட்டேன்.”